பொறிக்காக எழுத்தா? எழுத்துக்காகப் பொறியா?

எண்ணூர் விரைவுச்சாலையில் இரவும் பகலும் ஊர்ந்து செல்லும் சரக்குந்துகளின்மேல் ஏறிவரும் இரும்புப் பெட்டகங்களைக் கல்மண்டபத்து மக்கள் நன்கறிவர். அவற்றுட் பலவற்றின் பக்கங்களிற் சீன எழுத்துகள் பெரிது பெரிதாகத் தீட்டப்பட்டிருக்கும். ஒவ்வோர் எழுத்தும் பல கீற்றுகளாற் பின்னப்பட்ட சிறு கட்டடம் போன்றது. அத்தகைய எழுத்துகள் சீனமொழிக்குப் பல்லாயிரம். தமிழுக்கோ முதலெழுத்துகள் முப்பதே. உயிர்மெய்யையும் ஆய்தத்தையும் கூட்டினாலும் 247. இவ்விரண்டனுள் பொறிக்கு எளிதில் அடங்கும் எழுத்து எது என்று ஒரு சிறுபிள்ளையைக் கேட்டாலும் விடை கூறிவிடும். ஆயினும், இற்றைச் சீன இளைஞன் தன் கைப்பேசியில் தன் எழுத்திலேயே எழுதி அனுப்புகின்றான். கல்மண்டபத்திலும் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் வாழும் தமிழிளைஞருட் பலரோ, "வருகிறேன்" என்னும் ஒற்றைச் சொல்லையும் உரோம எழுத்திற் சிதைத்து எழுதி அனுப்புகின்றனர்.

பல்லாயிரம் எழுத்துடையவன் தன் எழுத்தைக் காத்துக்கொண்டான். முப்பது எழுத்துடையவன் கைவிட்டு நிற்கின்றான். இம் முரண் எங்ஙனம் நேர்ந்தது?

இதற்கு விடை காண உதவும் நூலொன்றை இசுடான்போர்டுப் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் தாமசு முல்லேனி 2017-இல் வெளியிட்டார். சீனத் தட்டச்சுப்பொறியின் வரலாறு அது. அதன் தொடர்ச்சியாகச் சீனக் கணிப்பொறியின் வரலாற்றையும் 2024-இல் எழுதினார். அமெரிக்கர் ஒருவர் சீனரைப் பற்றி எழுதிய நூல் தமிழர்க்கு எதற்கென எண்ணற்க. உரோம எழுத்துக்கென்றே செய்யப்பட்ட ஒரு பொறியின் முன் வேறொரு மக்களின் எழுத்தை நிறுத்தி, "இவ்வெழுத்து இக்காலத்திற்கு ஒவ்வாது" எனத் தீர்ப்புரைப்பது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு உலகெங்கும் நடந்த வழக்கு. அவ் வழக்கிற் சீனர் மறுமொழி உரைத்த முறையே அந்நூலின் உயிர்ப்பகுதி. தமிழெழுத்தின்மீதும் அதே வழக்கு தொடுக்கப்பட்டது. தொடுத்தவருட் பெரும்பாலோர் தமிழரே என்பது மட்டும் வேறுபாடு.

முதலில் வந்த பொறி தொலைவரி. மக்கள் வழக்கில் அதற்குத் தந்தி என்று பெயர். இராயபுரம் தொடர்வண்டி நிலையம் 1856-இல் திறக்கப்பட்டது. தென்னாட்டின் முதல் பயணியர் தொடர்வண்டி அங்கிருந்தே ஆற்காட்டுப் பக்கம் புறப்பட்டது. அதே காலத்தில் தொலைவரிக் கம்பியும் இந் நிலமெங்கும் பரவிற்று. 1870–71-இல் சென்னைக் கரையிலிருந்து பினாங்குக்குக் கடலடிக் கம்பி போடப்பட்டது. அது சிங்கப்பூருக்கு நீண்டது. 1871-இல் சிங்கப்பூரிலிருந்து ஆங்காங்கு வரை சென்றது. ஐரோப்பாவிலிருந்து தென்கடல் வழியே சீனத்தைத் தேடிச்சென்ற கம்பி சென்னையைத் தொட்டுக்கொண்டுதான் சென்றது என்பது பலர் அறியாத செய்தி. ஒரே கம்பி இரண்டு பழமொழிகளின் வாயிலில் வந்து நின்றது. இரண்டையும் அது அறியாது. அது அறிந்தது உரோம எழுத்து 26-ஐயும், எண் பத்தையும் மட்டுமே.

சீனத்தில் நடந்தது இது. சாங்காய்ச் சுங்கத்துறையிற் பணியாற்றிய விகுயே என்னும் பிரெஞ்சுக்காரர் 1872 அளவில் ஒரு குறிநூல் தொகுத்தார். ஏறத்தாழ 6,800 சீன எழுத்துகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் நான்கிலக்க எண் ஒன்று கொடுத்தார். செய்தி விடுப்போன் எழுத்தை எண்ணாக்கி விடுப்பான். பெறுவோன் எண்ணை எழுத்தாக்கிப் படிப்பான். வழி பிறந்தது, ஆனால் விலை மிகுந்தது. மோர்சுக் குறிமுறையில் உரோம எழுத்தொன்றுக்கு ஒன்று முதல் நான்கு தட்டுகள் போதும். எண்ணொன்றுக்கு ஐந்து தட்டுகள் வேண்டும். ஆகவே ஒரு சீன எழுத்துக்கு இருபது தட்டு. அத்துடன், எண்ணாலாகிய செய்தி மறைக்குறிச் செய்தியாகக் கருதப்பட்டு மிகுகட்டணத்துக்கும் உள்ளாயிற்று. தன் தாய்மொழியிற் பேசினவன் கமுக்கம் பேசினவனாகத் தண்டம் கட்டினான். இங்ஙனம் எழுத்துக்குப் பொறியிட்ட தண்டத்தைச் சீனர் ஆண்டுக்கணக்காகக் கட்டினர், குறிநூலைத் திருத்தினர், உலக மாநாடுகளில் வழக்காடினர், எழுத்தை மட்டும் விடவில்லை.

தமிழுக்கு நடந்தது என்ன? தமிழ்ச்செய்தி கம்பியில் ஏறவேண்டுமாயின் உரோம எழுத்தைப் போர்த்திக்கொண்டோ, முழுதும் ஆங்கிலமாக மாறியோ ஏறவேண்டியதாயிற்று. துறைமுகத்தில் மூட்டை சுமந்தும், தொடர்வண்டிப் பட்டறையில் இரும்படித்தும், கடலோடியும் பிழைத்த வடசென்னைத் தமிழன் வீட்டுக்கு ஒரு தொலைவரி வந்ததென்றால் முதலில் எழுவது அழுகை. அதன்பின் அதிலுள்ளது சாவா பிறப்பா என்று படித்துச் சொல்ல ஆங்கிலம் அறிந்தவரைத் தேடி ஓட்டம். சொந்தத் தாயின் சாவுச் செய்தியை அயலான் வாயாற் கேட்டறிந்த தலைமுறைகள் பல. விடுதலைக்குப் பின் 1949-இல் தேவநாகரி எழுத்தில் தொலைவரி விடுக்கும் முறையை இந்திய அரசு தொடங்கியது. கம்பிக்கு இந்திய எழுத்து ஒவ்வாது என்பது பொய்யாயிற்று. மனம் வைத்தால் ஒவ்வும் என்பதும், எவ்வெழுத்துக்கு முதலில் மனம் வைத்தனர் என்பதும் அன்றே வெளிப்பட்டன. 2013 சூலையில் இந்தியத் தொலைவரிப் பணியே நிறுத்தப்பட்டுவிட்டது.

அடுத்து வந்தது தட்டச்சுப்பொறி. 1900-ஆம் ஆண்டளவில் அமெரிக்க இதழ்கள் "சீனத் தட்டச்சுப்பொறி" என்று நகைப்படம் வரைந்து மகிழ்ந்தன: ஆயிரக்கணக்கான விசைகள் கொண்ட மலைபோன்ற பொறி, அதன்மேல் ஏறியும் இறங்கியும் ஒருவன் தட்டிக்கொண்டிருப்பான். சீன எழுத்தே ஒரு நகைப்பு என்பது அப்படத்தின் பொருள். முல்லேனி இந்த நகைப்பைத்தான் கையிலெடுத்து ஆராய்கின்றார். எழுத்துக்கு ஒரு விசை வேண்டும் என்று யார் சொன்னது? ஆங்கிலத்துக்குப் பொருந்திய ஓர் ஏற்பாட்டைப் பொறியின் இயற்கை என்று உலகம் மயங்கியது.

சீனர் விசைகளையே நீக்கிவிட்டனர். அவர்கள் பொறியில் ஒரு பெரிய தட்டு. அதில் ஏறத்தாழ 2,500 உலோக எழுத்துகள் தனித்தனியே நிற்கும். வேண்டிய எழுத்தின்மேல் ஒரு கையால் நெம்புகோலை நகர்த்தி மறுகையால் அழுத்தினால் அது எழுந்து தாளில் அடித்துவிட்டுத் தன் இடத்துக்கே மீளும். சாங்காய் வணிக அச்சகம் இத்தகைய பொறியைச் செய்து விற்றது. விரைவு குறைவு என்பது உண்மை. ஆனால் அவ் விரைவையும் பின்னர்ப் பெருக்கியவர்கள் பொறிஞர் அல்லர், உழைப்பாளர். கைபெங் நகரத்து அச்சுக்கோப்பாளர் சாங் சியிங், எழுத்துகளை அகரமுதலி முறையில் அடுக்குவதை விடுத்து, இதழ்களில் எவ்வெழுத்தின்பின் எவ்வெழுத்து மிகுதியாக வருகின்றதோ அவற்றை அருகருகே அடுக்கி, 1950-களின் தொடக்கத்தில் நாடறிந்த விரைவாளர் ஆனார். தட்டச்சர்களும் அவரைப் பின்பற்றித் தத்தம் தட்டைத் தாமே மாற்றியமைத்துக்கொண்டனர். ஒரு சொல்லைத் தொடங்கியதும் அடுத்த சொல்லைக் கைப்பேசி முன்கூட்டியே எடுத்துக்காட்டுகின்றதே, அதன் மூதாதை அத் தட்டுகளில் இருந்தது என்கின்றார் முல்லேனி. கையில் மையப்பிய ஒரு தொழிலாளியின் அறிவு உலகக் கணிப்பொறி வரலாற்றில் ஒரு படியாக நிற்பதை வடசென்னைத் தொழிலாளர் படித்தால் மகிழ்வர்.

எழுத்தாளர் லின் யூதாங் கதை இன்னும் உருக்கமானது. 72 விசைகளே கொண்டு பல்லாயிரம் சீன எழுத்தையும் அடிக்கும் பொறியொன்றை அவர் 1947-இல் அமெரிக்காவிற் செய்து காட்டினார். எழுத்தின் மேலுறுப்புக்கு ஒரு விசை, கீழுறுப்புக்கு ஒரு விசை. உடனே சிறு கண்ணாடியொன்றிற் பொருந்தக்கூடிய எழுத்துகள் எட்டு வரை தோன்றும். வேண்டியதை எண்விசையால் தேர்ந்துகொள்ளலாம். நூல்கள் எழுதி ஈட்டிய செல்வமெல்லாம் அதிற் கரைந்து கடனாளியானார். செய்தது ஒரே பொறி, விற்பனைக்கு வரவேயில்லை. காணாமற்போயிற்று என்று கருதப்பட்ட அது நியூயார்க்கில் ஒரு வீட்டின் நிலவறையிற் கிடந்து, 2025-இல் இசுடான்போர்டுக்கு வந்துசேர்ந்தது. பொறி தோற்றது, கருத்து தோற்கவில்லை. இன்று கோடிக்கணக்கான சீனர் கணிப்பொறியிற் செய்வது அதுவே: சில விசைகளைத் தட்டுகின்றனர், திரையிற் சில எழுத்துகள் தோன்றுகின்றன, ஒன்றைத் தேர்கின்றனர்.

சீனருள்ளும் எழுத்தையே ஒழித்துவிட வேண்டும் என்று முழங்கியவர் உண்டு. அவர்கள் நாட்டுப்பகைவர் அல்லர். நாட்டைப் பெரிதும் நேசித்தவர்கள். கல்லாமையும் வறுமையும் இவ்வெழுத்தாலேதான் என நம்பினர். துருக்கி 1928-இல் அரபு எழுத்தை விட்டு உரோம எழுத்துக்கு மாறியது அவர்க்கு எடுத்துக்காட்டாக இருந்தது. மாவோவும் எழுத்து ஒலிவழி நோக்கிச் செல்லவேண்டும் என்ற கருத்தினரே. 1956-இல் எழுத்துகளின் கீற்றுகள் குறைக்கப்பட்டன; 1958-இல் உரோம எழுத்தில் ஒலிப்பைக் குறிக்கும் முறை ஏற்கப்பட்டது; 1977-இல் மேலும் ஒரு குறைப்புத் திட்டம் வந்தது. அத்துடன் மக்கள் போதும் என்றனர். அத் திட்டம் 1986-இற் கைவிடப்பட்டது. உரோம முறை சீனவெழுத்தின் இடத்தைப் பிடிக்கவில்லை. சீனவெழுத்தை வரவழைக்கும் ஏவலாளாக நின்றுவிட்டது. 1983-இல் வாங் யோங்மின், உரோம ஒலிப்பின் துணையே இன்றி எழுத்தின் உறுப்புகளைக்கொண்டு தட்டும் முறையையும் கண்டுவிட்டார்.

சீனர்க்கு இழப்பே இல்லை என்பதன்று. விசைதட்டிப் பழகிய தலைமுறை கையால் எழுதும்போது எழுத்து மறந்து திகைப்பதாக அங்குள்ள ஆசிரியர்கள் கவல்கின்றனர். எனினும் திகைப்பவன் தான் மறந்தது தன் எழுத்து என்று அறிகின்றான்.

பொறிக்குப் பணிந்தவர் கதையும் உண்டு. சயாம் நாட்டெழுத்துக்கு 1890-களிற் செய்யப்பட்ட முதல் தட்டச்சுப்பொறியில் இடம் போதாமையால் இரண்டு மெய்யெழுத்துகள் விடப்பட்டன. அவற்றின் தனியொலி முன்னரே மங்கியிருந்தது மெய்யே. ஆயினும் அவை நெடுங்கணக்கிற் பெயரளவில் நிற்க, எழுத்து வழக்கிலிருந்து மறையப் பொறி துணைசெய்தது.

இனித் தமிழுக்கு வருக. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து 1907-இல் மலாயாப் பக்கம் சென்று பணியாற்றிய இரா. முத்தையா, தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்கினார். செர்மானிய நிறுவனமொன்று அதனைச் செய்தளித்தது. 247 எழுத்துக்கு 247 விசை வேண்டுமென்று அவர் மலைக்கவில்லை. புள்ளிக்கும் கொக்கிக்கும் நகரா விசை அமைத்தார்: முதலிற் புள்ளியை அடித்தால் தாளேந்தி நகராது, அதே இடத்திற் ககரத்தை அடித்தால் மெய்யெழுத்து முழுமையாகும். நாற்பத்தைந்தை ஒட்டிய விசைகளுள் தமிழ் அடங்கிற்று. பொறியைத் தமிழுக்கு வளைத்த முதல் தமிழ்க்கை அது. சீனத்துக்கு ஒரு லின் யூதாங் என்றால் தமிழுக்கு ஒரு முத்தையா. ஆனால் எத்தனைத் தமிழ்ப்பிள்ளைகள் அவர் பெயரைக் கேட்டிருப்பர்?

எழுத்துத் திருத்தத்தை எடுத்துக்கொண்டவர் பெரியார். 1935 சனவரி முதல் தம் 'குடிஅரசு' இதழில் புதிய வடிவங்களைப் பயன்படுத்தினார். அவர் நூற்றாண்டையொட்டி 1978 அக்டோபரில் எம்.சி.ஆர். அரசு ஆணையிட்டு அவற்றை ஏற்றது. மாறியவை ணா, றா, னா ஆகிய மூன்றும், அவற்றின் ஒகர ஓகார வரிசை ஆறும், ணை, லை, ளை, னை ஆகிய நான்குமாகப் பதின்மூன்று. ஒழுங்கிற்கு மாறாகத் தனிக்கொம்பும் சுழியும் பெற்றிருந்த அவை மற்ற எழுத்துகளோடு ஒத்து நின்றன. ஐ, ஔ என்பவற்றை நீக்கும் கருத்து ஏற்கப்படவில்லை. இத் திருத்தத்தில் ஒலியொன்றும் குறையவில்லை, நெடுங்கணக்குச் சிதையவில்லை. ஆகலின் அதனைத் தமிழ் தன் வீட்டைத் தானே ஒழுங்குசெய்ததாகக் கொள்ளலாம்.

ஆனால் அதனோடு நில்லாமல், இகர ஈகார உகர ஊகார உயிர்மெய் 72-ஐயும் மாற்றவேண்டும் என்னும் முன்மொழிவைப் பேராசிரியர் வா. செ. குழந்தைசாமி நெடுங்காலம் வற்புறுத்தினார். பிள்ளைகள் கற்கவேண்டிய வடிவங்களைக் குறைப்பது அவர் நோக்கம். தமிழ்ப்பற்றிற் குறைந்தவர் அல்லர் அவர். எனினும் எண்ணிப்பார்க்க: ஒரு சீனப்பிள்ளை தொடக்கப்பள்ளியிலேயே மூவாயிரத்தை ஒட்டிய எழுத்துகளைக் கற்கின்றது. அச் சீனப்பிள்ளைக்கு இயல்வது தமிழ்ப்பிள்ளைக்கு 247-இல் இயலாதா? அன்றித் தட்டச்சுக்கு எளிமை என்றால், அத் தட்டச்சுப்பொறி இன்று எங்கே? ஈயக்கட்டையும் தட்டச்சுக் கையும் பழம்பொருட் காட்சிக்குப் போய்விட்டன. 72 எழுத்தை அன்று வெட்டியிருந்தால், வெட்டச் சொன்ன பொறி மறைந்தபின்னும் வெட்டு மட்டும் நிலைத்திருக்கும். முன்னர் அச்சிட்ட நூல்களெல்லாம் பேரப்பிள்ளைகளுக்கு அயலெழுத்தாகியிருக்கும்.

கணிப்பொறிக் காலத்தில் தமிழுக்கு நேர்ந்த இழப்பு இதனினும் நுட்பமானது. உலக எழுத்தெல்லாம் ஒருங்கே இடம்பெறும் ஒருங்குறி 1991-இல் வெளிவந்தபோது, தமிழுக்கான இடம் 1988-இல் வகுக்கப்பட்ட இந்தியக் குறிமுறையைப் பின்பற்றி அமைந்தது. அக் குறிமுறை தேவநாகரியை அடியாகக் கொண்டது. விளைவு யாது? தொல்காப்பியர் காலந்தொட்டுத் தமிழிலக்கணம் மெய்யை முதலெழுத்தாகவும், உயிர்மெய்யை அதனின்று பிறப்பதாகவும் கொள்ளும். ஒருங்குறியிலோ அகரமேறிய "க" முதற்பொருள். "க்" என்னும் மெய் அதன்மேற் புள்ளி இட்டுப் பெறும் இரண்டாம்பொருள். தாய் மகளாகவும் மகள் தாயாகவும் ஆயினர். தமிழின் 247-இல் தனியிடம் பெற்றவை உயிர் 12, ஆய்தம் 1, அகர உயிர்மெய் 18 ஆக 31. எஞ்சிய 216-ம் இரண்டிரண்டு இடம் கொண்டு ஒட்டப்படுவன.

இடமில்லை என்பது விடையாகாது. சீன எழுத்துகளுக்குத் தொடக்கத்திலேயே 20,902 இடம் வகுக்கப்பட்டது. இன்று அவை தொண்ணூறாயிரத்துக்கும் மேல். கொரியர் எழுத்து தமிழ்போன்றே உயிரும் மெய்யும் கூடி அசையாவது. உறுப்புகளை ஒட்டி எழுதிக்கொள்ளுங்கள் என்று அவரிடமும் சொல்லியிருக்கலாம். அவர்கள் விடவில்லை. 1996-இல் 11,172 அசைகளுக்கும் தனித்தனி இடம் பெற்றனர். அவர்க்கென அரசுகள் இருந்தன. தமிழுக்காகப் பேசும் இடத்திற் பிறர் அமர்ந்திருந்தனர்.

திரையில் தமிழ் பிழையின்றித் தோன்றுகின்றது, தேடலும் நடக்கின்றது என்பது மெய். பொறிஞர்களின் உழைப்பால் நேர்ந்த நன்மை அது. அதனை மறைத்துக் கூக்குரலிடுவது அறிவுடைமையன்று. 2010-இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்றதோடு, எல்லா எழுத்துக்கும் தனியிடம் தரும் 16 நுண்மித் தமிழ்க் குறிமுறையையும் ஆணையில் ஏற்றுக்கொண்டது. ஆயினும் பொதுமக்களின் கைப்பேசிகளை ஆள்வது ஒருங்குறியே. அதே 2010-இற் கிரந்த எழுத்துகள் பலவற்றைத் தமிழின் பெயரிற் புகுத்தவும், எ, ஒ, ழ, ற, ன முதலிய தமிழ் வடிவங்களைக் கிரந்தத்துள் எடுத்துச்செல்லவும் முன்மொழிவுகள் எழுந்தன. தமிழறிஞரும் இயக்கங்களும் அரசும் எதிர்த்தெழுந்தமையால், 2014-இல் ஒருங்குறியிற் கிரந்தம் தனியிடம் பெற்றபோது அத் தமிழெழுத்துகள் அதிற் சேரவில்லை. விழித்திருந்தால் காக்கலாம் என்பதற்கு அஃதொரு சான்று. ஆனால் 1988-இலும் 1991-இலும் அவ் விழிப்பு இருந்திருக்க வேண்டும்.

விசைப்பலகையிலோ தமிழர் முந்திவிட்டனர். அதனை அறியாமல் இருக்கின்றனர். 1999 பிப்பிரவரியிற் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையடுத்து வந்த தமிழ்99 விசைப்பலகை, உயிரை இடக்கையிலும் மிகுதியாக வரும் மெய்யை வலக்கையிலும் வைத்தது. முப்பத்தொரு விசையில் முழுத்தமிழும் அடங்கும். ஒரே ககர விசையை இருமுறை தட்டினால் முன்னதன்மேற் புள்ளி தானே விழும். "பக்கம்" என்பதற்குப் புள்ளியைத் தேட வேண்டியதில்லை. சீனன் தன் எழுத்தைக் கணிப்பொறியில் அழைக்க, பெரும்பாலும் உரோம ஒலிப்பைத் தட்டிப் பட்டியலில் தேடவேண்டியிருக்கின்றது. தமிழனுக்குப் பட்டியலும் வேண்டா, உரோமமும் வேண்டா. இவ்வெளிமை கையிலிருந்தும் தமிழை உரோம எழுத்தில் எழுதுவானேன்? கம்பிக்கு வேறு வழியில்லை என்று பாட்டன் அன்று பொறுத்துக்கொண்டதைப் பேரன் வழியிருந்தும் விரும்பிச் செய்கின்றான். பள்ளியில் எவரும் அவனுக்கு அவ் விசைப்பலகையிற் கைப்பயிற்சி தரவில்லை என்பதே இதன் பெருங்கரணியம்.

ஆகவே தமிழ்நாட்டரசின்முன் வைக்கவேண்டிய கோரிக்கை சிறியது, செலவும் பெரிதன்று. ஆறாம் வகுப்பிலிருந்தே ஒவ்வொரு பிள்ளைக்கும் தமிழ்99 கைப்பயிற்சி தரவேண்டும். அரசு வழங்கும் மடிக்கணிப்பொறி ஒவ்வொன்றின் விசையிலும் தமிழெழுத்து பொறிக்கப்பட வேண்டும். குறிமுறைக் குழுக்கள் கூடும் அயல்நாட்டு அவைகளில் தமிழிலக்கணமும் கணிப்பொறியும் ஒருங்கறிந்தோர் அரசின் சார்பில் நிலையாக அமரவேண்டும். அரசு அசையும் வரை காத்திராமல், இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள படிப்பகங்களிலும் தொழிற்சங்க மன்றங்களிலும் அன்பர்கள் மாலைதோறும் இரண்டு பழங்கணிப்பொறிகளை வைத்துப் பயிற்சியைத் தொடங்கலாம். நாளுக்கு அரை மணி தட்டினாற் சில கிழமைகளிற் கை பழகிவிடும்.